சுவர்க்கோழிப் பூச்சியின் இணைசேர்க்கையைக் கண்ணால் பார்ப்பது எப்படி: பெட்டி வைப்பதிலிருந்து குஞ்சு பொரிவது வரை

"ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில் விட்டேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை." புதிதாகத் தொடங்குகிற எல்லோரிடமும் இதைக் கேட்டிருக்கிறேன். விசாரித்தால், தவறு அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்திருக்காது. பத்து நாளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அந்தப் பெண் ஏற்கெனவே இணைசேர்ந்திருக்கும். அல்லது அந்த ஆண் இன்னும் முதிர்ந்திருக்காது. அல்லது இரண்டின் வயதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்குமேல் இரண்டும் சந்திப்பதற்கு முந்தைய வேலைதான். அதைச் சரியாகச் செய்தவர்களுக்கு, சந்திப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே நடந்துவிடுகிறது.

1. இனத்தையும் பருவத்தையும் தேர்வு செய்யுங்கள்

தொடக்கத்துக்கு இருபுள்ளிச் சுவர்க்கோழியே நல்லது. கறுப்பு உடல், முன்னிறகு தொடங்கும் இடத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள், இரண்டரை முதல் மூன்று செ.மீ. நீளம். உடல் பெரிது என்பதால் நடப்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. குளிர்நாடுகளில் வாழும் சில இனங்களின் முட்டை, ஒரு குளிர்காலம் கழியாமல் பொரியாது. இதன் முட்டைக்கு அந்த உறக்கம் கிடையாது. சூடும் ஈரமும் இருந்தால் நேராகப் பொரிந்துவிடும்.

வளர்ந்த பூச்சியாக வாங்காதீர்கள், பிடிக்கவும் வேண்டாம். இறகு முளைக்காத, ஆனால் முதுகில் சிறு இறகு மொட்டுகள் தெரிகிற பெரிய குஞ்சுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பெண் ஏற்கெனவே விந்தைச் சேமித்து வைத்திருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஏழெட்டு ஆண், ஏழெட்டுப் பெண் கிடைக்கும்படி இருபது குஞ்சுகள் போதும்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

மூடியில் கம்பிவலை பொருத்திய பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று. பிளாஸ்டிக் வலை வேண்டாம், கடித்துவிடும். ஒளிந்துகொள்ள முட்டை அட்டைத் துண்டுகள். ஒரு வெப்பமானி. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய கைவிளக்கு. மெல்லிய தூரிகை. சிறு கண்ணாடிக் குவளை ஒன்றும் கெட்டி அட்டை ஒன்றும். பாட்டைப் பதிவு செய்ய ஒரு கைபேசி. இவற்றோடு ஒரு குறிப்பேடு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், இதில்லாமல் நான்காம் படியைத் தாண்ட முடியாது.

தீனிக்குப் பொடித்த தானியத்தோடு புரதத்துக்காக மீன் தீவனம் கொஞ்சம் கலந்து வையுங்கள். புரதம் குறைந்தால் தோலுரித்துக் கிடக்கும் கூட்டாளியையே தின்னும். தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். நனைத்த பஞ்சு போதும், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும்.

3. கடைசித் தோலுரிப்புக்கு முன்பே ஆண், பெண் பிரியுங்கள்

வளர்ந்த பூச்சியில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பின்முனையில் இருபாலுக்கும் இரண்டு மெல்லிய வால் இழைகள் உண்டு. பெண்ணுக்கு அவற்றின் நடுவே முட்டையிடும் ஊசி நீண்டிருக்கும். மூன்று வால் போலத் தோன்றும். ஆணின் இறகில் நரம்புகள் சுழித்துக் கோலம் போட்டதுபோல ஓடும். பெண்ணின் இறகு சீரான வலைபோல் இருக்கும்.

குஞ்சுப் பருவத்தில் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கடைசிக்கு முந்தைய பருவத்திலேயே பெண் குஞ்சின் பின்முனையில் ஊசியின் குட்டை முனை நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிக் குவளைக்குள் விட்டு, அடியிலிருந்து விளக்கு காட்டிப் பாருங்கள். சந்தேகமாக இருப்பவற்றைத் தனியே வைத்து, அடுத்த தோலுரிப்புக்குப் பின் முடிவு செய்யுங்கள். பெண்கள் பெட்டியில் தவறி ஓர் ஆண் இருந்துவிட்டால் முழுப் பெட்டியும் வீண்.

பூச்சியைக் கையால் பிடிக்காதீர்கள், குறிப்பாகப் பின்னங்காலைப் பிடிக்கவே கூடாது. எதிரியிடம் சிக்கியதாக எண்ணிக் காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். கடைசித் தோலுரிப்புக்குப் பின் இழந்த கால் மீண்டும் வளராது. குவளையைக் கவிழ்த்து, அட்டையை அடியில் நுழைத்து எடுப்பதுதான் முறை. கால் இழந்தவற்றை நான் இணைசேர்க்கைக்குப் பயன்படுத்துவதில்லை. மேலே ஏறுவதும் கீழே தாங்குவதும் அவற்றுக்குச் சிரமம். பிறகு பார்த்தது இயல்பான நடத்தையா, காயத்தின் விளைவா என்று சொல்ல முடியாது.

4. நாள் கணக்கு எழுதுங்கள்

ஒவ்வொரு நாள் காலையும் இரண்டு பெட்டிகளையும் பாருங்கள். புதிதாகத் தோலுரித்த பூச்சி வெண்மையாக, மென்மையாக இருக்கும். சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஆகவே நாள் தவறாமல் பார்த்தால்தான் எது எந்த நாளில் தோலுரித்தது என்பது தெரியும். முழு இறகோடு வெளிவந்த நாளை முதல் நாளாக எழுதி, கழுத்துக்குப் பின்னுள்ள கவசத்தில் நிறப் பசையால் ஒரு புள்ளி வையுங்கள். உடல் நன்றாகக் கறுத்துக் கெட்டியான பிறகே புள்ளி வைக்க வேண்டும். மென்மையான உடலில் வைத்தால் அந்த இடம் நசுங்கிவிடும்.

இறகு வந்துவிட்டதாலேயே பூச்சி முதிர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் அடுத்த பெரிய தவறு. இறகு வந்த பிறகும் ஆணுக்குப் பாடவும் விந்துப்பொதி (விந்து அடங்கிய சிறு மணி) உருவாக்கவும் சில நாட்கள் வேண்டும். பெண்ணுக்கும் அப்படியே, முதல் இரண்டு மூன்று நாளில் ஆணை அண்ட விடாது. இரண்டும் எட்டாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் இருக்கும்போது சேர்ப்பதே எனக்கு நன்றாக அமைந்திருக்கிறது. அவசரப்பட்டு நான்காம் நாளில் சேர்த்தவர்கள், பெண் உதைத்துத் தள்ளியதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

5. ஆண் தயாரா? காதால் சோதியுங்கள்

சுவர்க்கோழி வாயால் பாடுவதில்லை. வலது முன்னிறகின் அடியில் அரம்போன்ற பல்வரிசை ஒன்று இருக்கிறது. இடது இறகின் விளிம்பு அதன் மீது உரசும்போது, இறகின் மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி எழுகிறது. இறகுகளை மூடும் அசைவில்தான் ஒலி, திறக்கும்போது அமைதி. கேட்கும் உறுப்பு இருப்பது முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் அந்தச் சவ்வு சிறு வெண்புள்ளியாகத் தெரியும்.

மூன்று பாட்டுகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். பூச்சியின் மனநிலை உங்களுக்குத் தெரிய வேறு வழியில்லை.

அழைப்புப் பாட்டு உரத்தது, தெளிவானது, ஒரே சீரானது. தனியே நிற்கும் ஆண் இறகை உயர்த்தி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பாடும். அதன் சுருதி வினாடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வு. சண்டைப் பாட்டும் உரத்ததுதான், ஆனால் நீண்டு, கரகரத்து, திடீரென்று வெடிக்கும். கொஞ்சல் பாட்டு முற்றிலும் வேறு. மெல்லிய "டிக், டிக்" ஒலி, சுருதி மிக உயர்ந்தது, பக்கத்தில் காது வைத்தால்தான் கேட்கும். இது பெண்ணைத் தொட்டறிந்த பிறகே வரும்.

நீங்கள் தேர்வு செய்யும் ஆண், முந்தைய இரவில் அழைப்புப் பாட்டுப் பாடியிருக்க வேண்டும். பாடாத ஆணுக்குப் பெரும்பாலும் விந்துப்பொதி தயாராக இல்லை. பொதி இல்லாத ஆண் பெண்ணைக் கண்டாலும் கொஞ்சாது.

பெண்ணின் ஆர்வத்தையும் இதே பாட்டைக் கொண்டு சோதிக்கலாம். அழைப்புப் பாட்டைக் கைபேசியில் பதிந்து, இருட்டறையில் ஒரு நீண்ட பெட்டியின் ஒரு முனையில் ஒலிக்கவிடுங்கள். மறுமுனையில் பெண்ணை விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். தயாரான பெண் நின்று, திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஒலியை நோக்கி நடக்கும். ஒலிக்கும் பாட்டும் பெண்ணும் ஒரே சூட்டில் இருப்பது நல்லது. சூடு கூடினால் பாட்டின் வேகம் கூடும், குறைந்தால் தளரும். குளிர்ந்த அறையில் பதிந்த தளர்ந்த பாட்டுக்கு வெதுவெதுப்பான அறையில் இருக்கும் பெண் சரியாகத் திரும்பாமல் போகலாம்.

6. சந்திக்கும் இடத்தைத் தயார் செய்யுங்கள்

இரு சாண் அகலத்துக்கு மேல் வேண்டாம். தரையில் வடிதாள் விரியுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஆணின் கால் வழுக்கி, பெண் ஏறும்போது சரிந்துவிடும். ஒவ்வொரு இணைக்கும் புதுத் தாள் போடுங்கள். இந்தப் பூச்சிகள் ஒன்றையொன்று அறிவது பெரும்பாலும் உடல்மேலுள்ள மெழுகின் வாசனையால்தான். முந்தைய ஆணின் வாசம் தாளில் இருந்தால், புதிய ஆண் கொஞ்சுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு முறுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சூடு 25 முதல் 30 பாகை செல்சியஸ். இருபதுக்குக் கீழே போனால் எல்லாமே மந்தமாகிவிடும்.

வெளிச்சம் சிவப்பாக இருக்கட்டும். சுவர்க்கோழியின் கண்ணுக்குச் சிவப்பு ஏறக்குறைய இருட்டு. வெள்ளை விளக்கு போட்ட உடனே ஒளிய இடம் தேடும். அறையை இருட்டாக்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

மறக்கக்கூடாத ஒன்று, மூச்சு. பின்முனையிலுள்ள வால் இழைகளில் நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. காற்றின் மிகச் சிறு அசைவையும் அவை உணரும். ஆர்வத்தில் முகத்தைக் குனிந்து மூச்சு விட்டால், பூச்சிக்கு அது எதிரி பாய்கிற காற்று. பெட்டியின் மேல் கண்ணாடித் தகடு வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

7. சேர்த்துவிட்டுக் கவனியுங்கள்

முதலில் ஆணை விட்டுப் பத்து நிமிடம் பழக விடுங்கள். பிறகு பெண்ணை, எதிர் மூலையில், குவளையால் மூடி வைத்து மெதுவாகத் தூக்குங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இடம் பழகிய ஆண் சீக்கிரம் பாடும். பயந்து ஓடும் ஆணிடமிருந்து பெண்ணும் விலகிவிடும்.

நடப்பது இப்படி. இரண்டின் உணர்கொம்புகள் முதலில் தொட்டுக்கொள்ளும். வினாடி இரண்டு வினாடியில் ஆணுக்கு எதிரில் இருப்பது பெண் என்று தெரிந்துவிடும். உடனே உடலைத் தரையோடு தாழ்த்தும். அழைப்புப் பாட்டில் உயர்த்தியிருந்த இறகை இப்போது தாழ்த்தி வைத்துக் கொஞ்சல் பாட்டைத் தொடங்கும். பாடிக்கொண்டே திரும்பி, தன் பின்புறத்தைப் பெண்ணுக்குக் காட்டி, மெல்லப் பின்னோக்கி நகரும்.

இந்த இடத்தில் புதியவர்கள் தவறாகப் படித்துவிடுகிறார்கள். ஆண் முதுகைத் திருப்பிக்கொண்டது, விருப்பமில்லை போலும் என்று எண்ணிப் பெண்ணை எடுத்துவிடுகிறார்கள். விருப்பம் உள்ளதால்தான் திரும்புகிறது. சுவர்க்கோழிகளில் ஆண் பெண்ணின் மேல் ஏறுவதில்லை. பெண்தான் ஆணின் முதுகில் ஏறவேண்டும். ஏறாமல் விலகிப் போகிற பெண்ணை ஆண் கட்டாயப்படுத்த வழியே இல்லை. முடிவு முழுக்கப் பெண்ணின் கையில். கொஞ்சல் பாட்டு அவ்வளவு நேரம் நீள்வதன் காரணம் எனக்கு விளங்கியது, இதை நேரில் பார்த்த பிறகுதான்.

பெண் ஏறியதும் ஆணின் பாட்டு நிற்கும். ஆண் உடலை நீட்டிப் பின்முனையை மேல்நோக்கி வளைத்து, பெண்ணின் பின்முனையோடு கொக்கிபோல் கோத்துக்கொள்ளும். அடுத்த ஓரிரு நிமிடம் அசைவு மிகக் குறைவு. பெண் இறங்கும்போது அதன் ஊசியின் அடியில் வெண்மையான ஒரு மணி ஒட்டியிருக்கும். அதுதான் விந்துப்பொதி.

இருபது நிமிடத்துக்கு மேல் கொஞ்சல் தொடங்காவிட்டால் ஆணை மாற்றுங்கள். கொஞ்சல் நடந்தும் பெண் ஏறாவிட்டால் ஒரு மணி நேரம் வரை பொறுங்கள். குச்சியால் தள்ளி உதவ நினைக்காதீர்கள். ஒரே ஒரு தொடுதலில் ஆண் பாட்டை நிறுத்திவிடும்.

இறகு கிழிந்த ஆண் கொஞ்ச முயன்றாலும் ஒலி எழாது. அத்தகைய ஆணின் முதுகில் பெண் அரிதாகவே ஏறும். நீண்ட நேரம் காத்தும் நடக்கவில்லையென்றால் இறகைப் பாருங்கள்.

8. இணைந்து பிரிந்த பிறகு எழுந்து போகாதீர்கள்

பலர் பெண் இறங்கியதும் "முடிந்தது" என்று பெட்டியைக் கலைத்துவிடுகிறார்கள். அப்போது முடிந்திருப்பது ஒப்படைப்பு மட்டுமே. அந்த மணிக்குள்ளிருந்து விந்து நுண்ணிய குழாய் வழியாகப் பெண்ணின் உள்ளே இருக்கும் சேமிப்புப் பைக்குப் போய்ச்சேர வேண்டும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். அதற்குள் மணியை எடுத்துவிட்டால் விந்து முழுவதும் போய்ச்சேர்ந்திருக்காது.

இந்த நேரத்தில் ஆண் என்ன செய்கிறது என்பதுதான் முழுக் காட்சியிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பெண்ணை விட்டுப் போகாது. உணர்கொம்பால் தொட்டபடியே நிற்கும். பெண் நகர்ந்தால் கூடவே நகரும், சில நேரம் முட்டித் தடுக்கும். வேறு ஆண் நெருங்கினால் விரட்டும். இதற்குள்ளேயே தன் உடலில் அடுத்த விந்துப்பொதியையும் தயாரித்துவிடும். ஆனாலும் சுமார் ஒரு மணி நேரம் கழிந்த பிறகே மீண்டும் கொஞ்சும். இந்த இடைவெளியைக் கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள்.

கடைசியில் பெண் உடலை வளைத்து, மணியைத் தாடையால் எடுத்துத் தின்றுவிடும். காயமோ நோயோ என்று பயந்து, அதற்கு முன்பே தூரிகையால் மணியைத் துடைத்துவிட்டவர்கள் உண்டு. வேண்டாம். பெண் எத்தனையாவது நிமிடத்தில் அதை எடுக்கிறது என்பது முக்கியமான குறிப்பு. சீக்கிரம் எடுத்தால் அந்த ஆணின் விந்து குறைவாகவே சேரும். ஏற்றுக்கொண்ட பிறகும் பெண் தேர்வு செய்துகொண்டுதான் இருக்கிறது.

பெண் பல முறை, பல ஆண்களோடு இணையும். முட்டைக்கு ஒரே தந்தை வேண்டுமென்றால், இந்தப் பெண்ணை உடனே தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

9. இரண்டு ஆண்களைச் சேர்த்துவிட்டால்

சண்டையையும் பார்க்க விரும்பினால் அதை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். உணர்கொம்பை வீசி, தாடையை விரித்து, பிடித்துத் தள்ளிச் சில வினாடிகளில் முடிந்துவிடும். வென்றது பாடும், தோற்றது ஓடும். தோற்ற ஆண் பல மணி நேரம் எதிர்க்கத் துணியாது, பாடவும் செய்யாது. அன்றைக்கு அதை இணைசேர்க்கைக்கு எடுத்தால் ஏமாற்றம்தான்.

10. முட்டைப் பெட்டி

இணைசேர்ந்த பெண்ணிடம் முட்டைகள் ஏற்கெனவே முதிர்ந்திருக்கும். சேராத பெண்ணும் சில முட்டைகள் இடும், ஆனால் அவை பொரியாது. விந்தோடு சேர்ந்து வரும் ஒரு நொதி, பெண்ணின் உடலில் முட்டையிடத் தூண்டும் பொருளை உண்டாக்குகிறது. அதனால்தான் இணைந்த பிறகு முட்டையின் எண்ணிக்கை சட்டென்று ஏறுகிறது.

மூன்று செ.மீ. ஆழத்துக்கு ஈர மணலோ நார்த்தூளோ நிரப்பிய சிறு கிண்ணம் வையுங்கள். ஆழம் குறைந்தால் ஊசி அடித்தட்டில் முட்டி, பெண் இடாமல் போய்விடும். ஈரத்தைக் கையால் சோதியுங்கள்: பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும், சொட்டக்கூடாது. காய்ந்த மணலில் பெண் குத்திப் பார்த்துவிட்டு விலகும். சேறாக இருந்தால் முட்டை பூஞ்சணம் பிடிக்கும்.

கிண்ணத்தின் மேல் கம்பிவலை ஒன்றைப் படியவையுங்கள். ஊசி வலைக்குள் நுழையும், தலை நுழையாது. வலை இல்லாவிட்டால் பெண்ணே மணலைக் கிளறி முட்டையைத் தின்றுவிடும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிண்ணத்தை மாற்றித் தேதி எழுதுங்கள். ஒரே கிண்ணத்தை இரண்டு வாரம் விட்டால், பொரிந்த குஞ்சுகள் தாயின் தீனியாகிவிடும். முட்டை வெளிர் மஞ்சள், மெல்லிய அரிசி வடிவம், இரண்டரை முதல் மூன்று மி.மீ. நீளம்.

11. பொரிவதும் முதல் வாரமும்

28 முதல் 30 பாகை சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரியும். அறை குளிர்ந்திருந்தால் இன்னும் நாளாகும். பதினைந்தாம் நாளில் மனம் தளர்ந்து கொட்டிவிடாதீர்கள். இடையே ஈரம் குறைந்தால் மேலிருந்து ஊற்றாமல் ஓரமாகத் தெளியுங்கள். முட்டை வளரும்போது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். காய்ந்தால் சுருங்கிச் சாகும்.

பொரியும்போது குஞ்சு கால்கள் உடலோடு ஒட்டிய புழுபோலத்தான் வெளிவரும். அந்த நிலையிலேயே மணலுக்குள் நெளிந்து மேலே ஏறி, பரப்பை அடைந்ததும் ஒரு மெல்லிய உறையைக் கழற்றிய பிறகே கால்கள் விடுபடும். மேல்மண் இறுகியிருந்தால் ஏற முடியாமல் உள்ளேயே மடியும். ஆகவே எட்டாம் நாளுக்குப் பிறகு மேற்பரப்பை அழுத்தாதீர்கள். மணல்மேல் வெண்மையான நுண் உறைகள் கிடந்தால் பொரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

குஞ்சுகளுக்கு ஒரு துளித் தண்ணீரே குளம். நனைத்துப் பிழிந்த பஞ்சு மட்டும் வையுங்கள், நாள்தோறும் மாற்றுங்கள். தீனியை மாவாகப் பொடித்துத் தூவுங்கள். வலையின் கண் இந்த அளவுக் குஞ்சைத் தடுக்காது. மெல்லிய துணியால் மூடுங்கள். நெரிசலானால் ஒன்றையொன்று கடிக்கும் என்பதால் இரண்டாம் வாரத்தில் இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள்.

மிகுந்தவற்றை வெளியே திறந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் இல்லாத இனமாக இருக்கலாம். பெட்டியில் பரவிய நோயும் கூடவே போகும். தேவைக்கு மேலான முட்டைக் கிண்ணங்களை, பொரிவதற்கு முன்பே உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்து அப்புறப்படுத்துங்கள். சில வாரத்தில் மீதமுள்ள குஞ்சுகளுக்கு முதுகில் இறகு மொட்டு தெரியும். அன்றே மூன்றாம் படிக்குத் திரும்பி, ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள்.